கூட்டாளி இல்லாமல் லிமிடெட் கம்பெனி தொடங்க முடியுமா?

கேள்வி: திருப்பூரில் ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க்காக பனியன் தைத்துக் கொடுக்கிறேன். தொழில் என் பெயரில்தான் இருக்கிறது. நாளைக்கே நஷ்டம் வந்தாலும் வீடு போய்விடக் கூடாது. கூட்டாளி சேர்க்க மனமில்லை. ஆடிட்டர் துணை இல்லாமல் நானே கம்பெனி பதிவு செய்ய முடியுமா?

பதில்: தனி ஆளாகத் தொடங்க முடியும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் இதற்கென்றே 'ஒரு நபர் கம்பெனி' இருக்கிறது. ஓ.பி.சி. என்பார்கள். விற்பனை 2 கோடியைத் தாண்டினால் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய விதியை 2021 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அதனால் வளர்ந்தாலும் ஓ.பி.சி.யாகவே இருக்கலாம்.

முதலில் வீட்டு விஷயம். கம்பெனி வாங்கும் கடனுக்குக் கம்பெனியின் சொத்துதான் பொறுப்பு. ஆனால் இன்றைய தேதி வரை உங்கள் பெயரில் இருக்கும் நூல் கடை பாக்கி, வங்கிக் கடன் எதுவும் பதிவு செய்த மறுநாள் கம்பெனியின் தலைக்கு மாறிவிடாது. அவை உங்கள் கடன்தான். இன்னொன்று, புதிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் உங்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடன் அளவுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகிவிடும். வீட்டுப் பத்திரத்தை அடமானமாகக் கேட்டால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். மெஷின்களையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடாக வைத்து எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பதிவு முழுவதும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் 'ஸ்பைஸ் பிளஸ்' படிவத்தில்தான். டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, கம்பெனிக்கு வைக்கும் பெயரை முன்பதிவு செய்து, மற்ற விவரங்களை நீங்களே நிரப்பலாம். பான் எண்ணும், வரிப் பிடித்தத்துக்கான டான் எண்ணும் அதிலேயே வந்துவிடும். ஆனால் படிவத்துக்கு ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட், வக்கீல் இவர்களில் ஒருவர் சான்றளிக்க வேண்டும். அந்த ஒரு கையெழுத்தைத் தவிர்க்க வழியில்லை.

ஆவணத்தில் கவனிக்க வேண்டியது கம்பெனி முகவரிக்குச் சான்றாகக் கொடுக்கும் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. மாமனார் காலமாகிப் பத்து வருடமாகியும் கரண்ட் இணைப்பு அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் எத்தனையோ. கட்டட உரிமையாளர் தரும் தடையில்லாக் கடிதத்தில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர் என்றால் விண்ணப்பம் திரும்பி வரலாம். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

நாமினி கட்டாயம். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி அவர் கைக்குப் போகும். அதனால் வயது வந்த, தொழில் புரிந்த ஒருவரிடம் பேசி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பதிவான 180 நாளுக்குள் மூலதனத்தைக் கம்பெனி கணக்கில் போட்டு தொழில் தொடங்குவதற்கான உறுதிமொழிப் படிவமான ஐ.என்.சி.-20ஏ தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் கம்பெனி பெயரில் தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்பட்டால் அதையும் கம்பெனி பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

ஆடிட்டர் செலவு மிச்சம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. கணக்கு அறிக்கைக்கான ஏ.ஓ.சி.-4, ஆண்டு அறிக்கைக்கான எம்.ஜி.டி.-7ஏ ஆகிய இரண்டு படிவங்களையும் தாமதித்தால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். இந்தச் செலவை உங்கள் தையல் கூலி தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.