வாசகர் கேள்வி பதில்: பதிவேட்டில் ஒளிந்திருக்கும் பிறப்பு

கேள்வி: கல்வியிலும் தொழிலிலும் முன்னணியில் நிற்கும் ஜப்பானிலும் பிறப்பைப் பார்த்து மக்களை ஒதுக்கும் வழக்கம் உண்டு என்கிறார்களே, உண்மையா? நாடு முன்னேறினால் அது தானாக மறைந்திருக்க வேண்டாமா?

பதில்: உண்மைதான். இறந்த மாடு, குதிரைகளை அகற்றுதல், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்காக எடோ காலத்தில் (1603–1868) தீட்டுப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டுத் தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களின் வழிவந்தோரே இன்று புராக்குமின் எனப்படுகிறார்கள். அதன் பிறகு ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு 1871இல் ஓர் ஆணையின் மூலம் அவர்களும் பொதுமக்களே என்று அறிவித்தது. ஆனால் தோல் தொழிலில் அவர்களுக்கு அதுவரை இருந்த தனியுரிமை பறிபோனது. அதற்கு ஈடாக நிலமோ வேறு தொழிலோ கிடைக்கவில்லை. 1873இல், இன்றைய ஒகயாமா மாவட்டப் பகுதியில், கட்டாய ராணுவச் சேவையோடு இந்த ஆணையையும் எதிர்த்துக் கிளம்பிய உழவர்கள் அவர்களுடைய குடியிருப்புகளைத் தாக்கிப் பலரைக் கொன்றார்கள்.

முன்னேற்றம் இந்தப் பாகுபாட்டை அழிக்கவில்லை, அதற்குப் புதிய கருவிகளைத் தந்தது என்பதே என் கருத்து. தோற்றத்திலோ பேச்சிலோ எந்த வேறுபாடும் இல்லாதவர்களை இனங்காண வேண்டுமானால் முன்னோரின் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு 1872இல் தொகுக்கப்பட்ட குடும்பப் பதிவேடு வழிசெய்தது. சில இடங்களில் 'புதிய பொதுமக்கள்' என்றே அதில் எழுதி வைத்தார்கள். பிறப்பையும் குடும்பத் தோற்றத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு சொன்ன பிறகும், அந்தப் பழைய பதிவேட்டை யாரும் பார்க்க முடியாதபடி மூட 1968 வரை ஆயிற்று. 1975இல் இன்னொரு கொடுமை வெளிப்பட்டது. புராக்கு எனப்படும் அந்தக் குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த பட்டியல்களை ரகசியமாக விற்றிருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் பூர்வீகத்தைச் சரிபார்ப்பதற்காக 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவற்றை வாங்கியிருக்கின்றன. படித்து முன்னேறிய ஓர் இளைஞன் தன் தகுதியால் அல்ல, தாத்தாவின் முகவரியால் திருப்பி அனுப்பப்பட்டான் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

கேள்வி: இதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டால் இளைய தலைமுறைக்குத் தெரியாமலே போய், இந்தப் பாகுபாடும் தானாக மறைந்துவிடாதா?

பதில்: 'தூங்கும் குழந்தையை எழுப்பாதே' என்று ஜப்பானியர் பலரும் இதே வாதத்தைச் சொல்வதுண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. இதுவரை கிடைத்த மாற்றம் எதுவும் மௌனத்தால் கிடைத்ததல்ல. 1922இல் கியோட்டோவில் புராக்கு மக்களே கூடி சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் அவர்களுடைய இயக்கம் விடாமல் போராடியதால்தான் 1969இல் சிறப்புச் சட்டம் வந்து, 2002 வரை அந்தக் குடியிருப்புகளில் வீடு, சாலை, கல்வி ஆகியவற்றுக்கு அரசுப் பணம் செலவிடப்பட்டது. வாழ்நிலை நன்றாகவே உயர்ந்தது. திருமணப் பேச்சில் பூர்வீகம் விசாரிக்கும் வழக்கம் மட்டும் முற்றிலும் நிற்கவில்லை.

பெரியவர்கள் பேசாவிட்டால் பிள்ளைகள் இணையத்தில் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே அந்த ஊர்ப் பட்டியல்களே மீண்டும் உலவின. 2016இல் வந்த புராக்குப் பாகுபாடு ஒழிப்புச் சட்டத்தில் தண்டனைப் பிரிவு இல்லை என்பது பெருங்குறை. எனினும் 2023இல் டோக்கியோ உயர் நீதிமன்றம், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் அமைதியாக வாழும் உரிமை மனிதருக்கு உண்டு என்று ஏற்று, அப்பட்டியலை வெளியிடுவதற்கான தடையை விரிவாக்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் தங்கள் பிறப்பை மறைக்காமல் முன்வந்ததால்தான் அந்தத் தீர்ப்பு கிடைத்தது.