சல்ஃபேட் நிற்கிறது, நைட்ரேட் நழுவுகிறது: தண்ணீர் கேள்வி பதில்

கே: எங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் தண்ணீருக்கு நானோ ஃபில்டர் போட்டிருக்கிறோம். லேப் ரிப்போர்ட்டில் சல்ஃபேட் அடியோடு குறைந்திருக்கிறது. நைட்ரேட் மட்டும் உள்ளே போகும்போது லிட்டருக்கு 62 மில்லிகிராம், வெளியே வரும்போது 65! மெம்பரேன் கிழிந்துவிட்டதா?
- வாசகர், ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

ப: கிழிந்திருந்தால் சல்ஃபேட்டும் வந்திருக்கும். ‘நானோ துளை, எதுவும் நுழையாது’ என்று விற்பவர்கள் சொல்வது பாதிதான் சரி. தன்னைச் சுற்றியுள்ள நீரோடு சேர்த்து அளந்தால் சல்ஃபேட் அயனியின் ஆரம் 0.379 நானோமீட்டர், நைட்ரேட்டுக்கு 0.335. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துச் சல்லடை மட்டும் இரண்டையும் பிரித்துவிடாது. பெரும்பங்கு மின்னூட்டத்துக்கு. பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கில் செய்த மெம்பரேனில் மிச்சமிருக்கும் கார்பாக்சில் தொகுதிகள் (அமிலத்தன்மையுள்ள அணுக்கூட்டங்கள்), சாதாரணத் தண்ணீரின் பிஎச் அளவில் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். இரட்டை எதிர்மின்னூட்டமுள்ள சல்ஃபேட்டை அவை பலமாகத் தள்ளும், ஒற்றை மின்னூட்ட நைட்ரேட்டை லேசாகத்தான்.

சரி, கூடியது எப்படி? சோடியம் எளிதாகத் துளைக்குள் போய்விடும், ஆனால் துணையில்லாமல் போகாது. மின்கணக்கு இருபுறமும் நேராக வேண்டும். சல்ஃபேட்டுக்கு வழியில்லாததால் நைட்ரேட்டையும் குளோரைடையும் கூட்டிக்கொண்டு போகிறது. மூன்று மில்லிகிராம் அளவீட்டுப் பிழையாகவும் இருக்கலாம். எப்படியும் நைட்ரேட் குறையவில்லை.

குடிநீரில் ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலை அனுமதிக்கும் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான், தளர்வு கிடையாது. கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சினால் நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். குடிக்க மட்டும் என்றால் சமையலறையில் ஒரு ஆர்ஓ போதும். மொத்தத் தண்ணீருக்கும் வேண்டுமானால் நானோ ஃபில்டருக்குப் பின்னால் எதிரயனி ரெசின் (எதிர்மின்னூட்ட அயனிகளைப் பிடித்துவைக்கும் மணிகள்) டேங்க் வையுங்கள். முன்னால் வைத்தால் சாதாரண ரெசின் சல்ஃபேட்டையே முதலில் பிடிக்கும். நிறைந்த பிறகு, பிடித்துவைத்த நைட்ரேட்டை மொத்தமாகக் கக்கிவிடும்.

கே: லிட்டருக்கு 500 மில்லிகிராம் சமையல் உப்பில் 70 சதவீதம் தடுத்த நானோ ஃபில்டர் மெம்பரேன், 5,000 மில்லிகிராமில் 35 சதவீதம்தான் தடுக்கிறது. ஏன்?
- ஆய்வு மாணவி, மல்லேஸ்வரம், பெங்களூரு

ப: மெம்பரேனில் பதிந்த மின்னூட்டம் ஏறக்குறைய மாறாது. உப்பு பத்து மடங்கானால் அதன் முன் அந்த மின்னூட்டம் சொற்பமாகிவிடும், விலக்கும் வலு குறையும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 5,000 மில்லிகிராமில் சவ்வூடு அழுத்தமே (தண்ணீரை மெம்பரேன் வழியே தள்ள பம்ப் வெல்ல வேண்டிய எதிரழுத்தம்) சுமார் 4 பார். பம்ப் அழுத்தத்தை மாற்றாமல் விட்டால் நீரோட்டம் குறையும், தடுப்புச் சதவீதமும் கூடவே இறங்கும். அதனால் இரண்டு சோதனையிலும் நீரோட்டத்தைச் சமமாக வைத்து ஒப்பிடுங்கள். பிஎச் 7லேயே இருக்கட்டும். 4 பக்கம் போனால் கார்பாக்சில் தன் மின்னூட்டத்தை இழக்கத் தொடங்கும். பழுதோ என்ற சந்தேகம் இருந்தால், கழுவிவிட்டு மறுபடி 500 மில்லிகிராமில் ஓட்டுங்கள். 70 திரும்பி வந்தால் மெம்பரேனில் கோளாறில்லை.