மதினியின் நீர்க்கசிவு தீருமா?

கேள்வி: கடையம் அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்து வாரங்களுக்கு முன் என் மதினிக்கு முதல் பிரசவம். இரண்டு நாள் விடாமல் வலித்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், குழந்தை தங்கவில்லை. ஏழாம் நாளிலிருந்து சிறுநீர் நிற்காமல் ஒழுகுகிறது. சுளகை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வருவதில்லை. அடுக்களை மூலையில் சாக்கை மடித்துப் போட்டுத் தனியே பீடி சுற்றுகிறார். அம்மன் கொடைக்கும் வரவில்லை. தண்ணீரே குடிப்பதில்லை. ‘பிள்ளை பெற்ற உடம்பு, தானாகச் சரியாகும்’ என்கிறார் அம்மா. சரியாகுமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

சரியாக்க முடியும், ஆனால், தானாகத் தீரட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். இருமும்போதும் தும்மும்போதும் சில சொட்டுகள் கசிவது பிரசவித்த பெண்கள் பலருக்கு உண்டு. அது பெரும்பாலும் நாளடைவில் குறையும். நிற்காமல் ஒழுகுவது வேறு. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புப் பாதைக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம் என்றே உங்கள் கடிதம் எண்ண வைக்கிறது. மருத்துவர்கள் இதை ஃபிஸ்டுலா என்பார்கள்.

குழந்தையின் தலை இடுப்பெலும்பில் நெடுநேரம் சிக்கி நிற்கும்போது, எலும்புக்கும் தலைக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. அந்தச் சதை செத்துச் சில நாள்களில் உதிர, அவ்விடத்தில் ஓட்டை உண்டாகிறது. ஏழாம் நாளில் தொடங்கியது என்பது இதனோடு பொருந்துகிறது. மதினி செய்த குற்றமோ, எவருடைய கண்ணேறோ இதற்குக் காரணம் இல்லை என்பதை உங்கள் அம்மாவிடமும் அண்ணனிடமும் சொல்லுங்கள்.

ஆசியாவிலும் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளிலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சையின்றி இதோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே 1974-இல் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டு, பல்லாயிரம் பெண்கள் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். மருத்துவமனைப் பிரசவமே வழக்கமாகிவிட்ட நம் பக்கத்தில் இது அரிது. அரிது என்பதாலேயே, வந்தவளுக்கு இது இன்னது என்று எடுத்துச்சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாமல் போகிறது. என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

இன்றே மாற்ற வேண்டியது தண்ணீர் விஷயம். குடிப்பதைக் குறைத்தால் ஒழுகல் நிற்காது; சிறுநீர் அடர்ந்து, நாற்றமும் எரிச்சலும் கூடி, தொடை புண்ணாகும். சிறுநீர் நிறமற்று வரும் அளவுக்குத் தாராளமாகக் குடிக்கட்டும். கழுவித் துடைத்த பின் தொடையில் வாசலின் தடவினால் தோல் காப்பாற்றப்படும்.

இந்த வாரமே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். சிறுநீர்ப்பையில் நீலச்சாய நீரைச் செலுத்தி, பிறப்புறுப்புப் பாதையில் வைத்த பஞ்சு நனைந்து நீலமாகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டை சிறியதாக இருந்து, சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டால், சிறுநீர் வடிய ஒரு குழாயைச் சில வாரங்கள் பொருத்தி வைத்திருப்பதாலேயே மூடிக்கொள்வதுண்டு. இல்லையெனில், புண் ஆறிய பின், வழக்கமாகப் பிரசவமாகி மூன்று மாதம் கழித்து, அறுவை சிகிச்சை செய்து தைப்பார்கள். சிக்கலில்லாத ஓட்டைகளில் பெரும்பாலானவை அதில் மூடிவிடுகின்றன. மறுபடி குழந்தை பெறவும் முடியும். அந்தப் பிரசவம் முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியனாக இருக்க வேண்டும்.

மருத்துவர் முன் மதினி கூச்சத்தில் வாய் திறக்காமல் இருக்கலாம். இரண்டு நாள் வலி, ஏழாம் நாளில் தொடக்கம், இரவும் பகலும் ஒழுகல் என்ற மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். பேருந்தில் உட்கார அவர் தயங்குவார். இருக்கையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பும், மாற்றுச் சேலையும், குடிக்கத் தண்ணீரும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.