துளையிட்ட கல் எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: கிணறு வெட்டும்போது உள்ளங்கை அளவு வட்டக் கல் கிடைத்தது. நடுவில் துளை. கதாயுதத்தின் தலை என்கிறார்கள். சரியா?

பதில்: எல்லோருக்கும் முதலில் ஆயுதம்தான் தோன்றும். கல்லின் வடிவத்தை விடுங்கள், துளையைப் பாருங்கள். இரு வாயும் அகன்று, நடுவில் ஒடுங்கி உடுக்கை போல இருக்கிறதா? இரு பக்கமிருந்தும் கல்லால் கொத்தித் தேய்த்துத் துளைத்தால் அப்படித்தான் வரும். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடிப் பெண்கள் இப்படிப்பட்ட கல்லைக் கழியில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கி, கிழங்கு தோண்டினார்கள். கல்லின் கனம் சேர்ந்தால் கெட்டித் தரையிலும் முனை இறங்கும். கல் செருகிய கழியோடு பெண்கள் நிற்பதை அங்குள்ள பாறை ஓவியங்களிலேயே பார்க்கலாம். தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களிலும் துளைக்கற்கள் கிடைக்கின்றன. நான் தோண்டுகழி பக்கமே சாய்வேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது சின்னது, 10 கிராம்கூடத் தேறாது. இதுவுமா?

பதில்: அந்த எடை கழிக்குப் போதாது, நூல் நூற்கப் போதும். இஸ்ரேலில் நாஹால் ஐன் கெவ் என்ற இடத்தில் சுமார் 12,000 ஆண்டுப் பழைமையான துளையிட்ட கூழாங்கற்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. அவற்றை முப்பரிமாணத்தில் படம்பிடித்து, அதே அளவில் நகல் செய்து, நூல் நூற்கும் குச்சியான கதிரில் கோத்துச் சுழற்றிப் பார்த்தார்கள். ஆளிச் செடியின் நார் நூலாகத் திரிந்தது! 2024இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஊகத்தோடு நிற்காமல் கையால் செய்து பார்த்திருக்கிறார்கள். துளை கல்லின் நட்டநடுவில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் தக்களி ஆட்டம் காணும்.

கேள்வி: மீன் வலைக்குக் கட்டிய குண்டாக இருக்கலாமே?

பதில்: இருக்கலாம். கயிறு உரசிய வழவழப்பு துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் தெரிந்தால் வலைக்குண்டுதானோ என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. தேய்மானத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சோவியத் ஆய்வாளர் செர்கெய் செமியோனவ் காட்டிய வழி அது: மரம், தோல், மண் என உரசிய பொருளுக்கேற்பக் கல்லில் கீறலும் மினுக்கமும் மாறும்.

கேள்வி: கல்லைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! பிரஷ் போட்டால் அந்தக் கீறல்களோடு புதுக் கீறல்களும் கலந்துவிடும். துளைக்குள் ஒட்டிய மண் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கிடைத்த இடம், ஆழம், கூடக் கிடைத்த பானை ஓடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் காட்டுங்கள்.