மினி டிராக்டரும் மழைக்காலத் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நிலம் பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதில் முழங்கால் அளவிலிருந்து தொடை அளவு வரை தண்ணீர் இருக்கும். சென்ற ஆண்டு 24 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டர் வாங்கினோம். புகைக்குழாய் தண்ணீருக்கு மேலே இருக்கிற வரையில் எவ்வளவு ஆழத்திலும் இறங்கலாம் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். அது சரியா?
– வாசகர், பாகூர்

பதில்: புகைக்குழாயை வைத்து ஆழத்தைக் கணக்கிடும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக உண்டு, ஆனால் அது தவறான அளவுகோல். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது புகைக்குழாய் காற்றை வெளியே தள்ளுகிறது, ஆகவே தண்ணீர் அவ்வளவு சுலபமாக அதன் வழியே உள்ளே வராது. ஆபத்து மறுபக்கத்தில், அதாவது காற்றை உள்ளே இழுக்கும் ஏர் கிளீனர் பக்கத்தில் இருக்கிறது. டீசல் இன்ஜினின் சிலிண்டர் தான் இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருக்கி இயங்குவது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. காற்றோடு ஓர் அரை டம்ளர் தண்ணீர் உள்ளே போனாலே மேலே ஏறும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும், பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஏர் கிளீனருக்குத் தண்ணீர் எட்டுவதற்கு முன்பே அது இன்னோர் இடத்தைத் தொட்டுவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறியைச் சொல்கிறேன். அதன் இறக்கைகள் காற்றுக்காகச் செய்யப்பட்டவை. வேகமாகச் சுழலும்போது கீழ் முனை தண்ணீரில் பட்டால், இறக்கை முன்பக்கமாக வளைந்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைக் கிழித்துவிடலாம். ரேடியேட்டர் தப்பினாலும் விசிறி தண்ணீரை வாரி, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மீதும் ஏர் கிளீனரின் வாய் மீதும் இறைக்கும். ஆகவே உங்கள் டிராக்டரின் எல்லைக்கோடு விசிறியின் கீழ் முனைதான். உரிமையாளர் கையேட்டில் அதைவிடக் குறைந்த அளவு சொல்லியிருந்தால் அதுவே எல்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, தரையிலிருந்து விசிறியின் கீழ் முனை வரை நாடாவால் அளந்து பாருங்கள். 12 அங்குல ரிம் கொண்ட முன்சக்கரம் என்றால் அதன் மொத்த உயரம் சுமார் இரண்டடி, அச்சின் நடுப்பகுதி சுமார் ஓரடி உயரத்தில். தொடை அளவுத் தண்ணீரில் முன்சக்கரம் முழுவதும் மூழ்கிவிடும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுவே: முன்சக்கர அச்சு வரையிலான நிற்கும் தண்ணீரில் போகலாம், முழங்கால் அளவை உங்கள் நாடா தீர்மானிக்கட்டும், தொடை அளவில் இறங்கவே கூடாது. பெரிய டிராக்டர் அநாயாசமாகக் கடந்த ஓடை மினி டிராக்டருக்கும் வழிவிடும் என்று எண்ண வேண்டாம். நான்கு சக்கர இயக்கம் பிடிப்பைத்தான் கூட்டும், உயரத்தைக் கூட்டாது.

அளந்த எல்லைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். ஏனென்றால் வேகமாக இறங்கினால் வண்டியின் மூக்குக்கு முன்னால் அலை எழும்பி நீர்மட்டத்தை அங்கே மட்டும் உயர்த்திவிடும். இறங்குமுன்பே குறைந்த கியரைப் போட்டு, கரையேறும் வரை கிளட்சை மிதிக்காமல், ஒரே சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். நடு ஓடையில் கியர் மாற்றுவது வேண்டாத வம்பு.

பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறிய துளையும், அதில் தொங்கி ஆடும் ஒரு பிளவு முள்ளும் (ஸ்பிளிட் பின்) இருக்கும். கசியும் எண்ணெய் வெளியேறுவதற்கான வழி அது. முள் ஆடிக்கொண்டே இருப்பது துளை சேற்றால் அடைபடாமலிருக்க. எண்ணெய் வெளியே வரும் வழியில் தண்ணீர் உள்ளே போகும், கிளட்ச் தட்டு வழுக்கும். சில நிறுவனங்கள் நீர் உழவுக்கென்று இந்தத் துளைக்குத் திருகாணி கொடுக்கின்றன. அதைப் போட்டால் வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தவர்களின் கிளட்ச் எண்ணெயில் ஊறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மணிக்கணக்கில் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கருவி) ஓட்டிச் சூடேறிய வண்டியை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்குவதும் நல்லதன்று. பின் ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, காற்று போய்வரும் மூச்சுத்துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ வெளித்தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கால் மணி நேரம் ஆற விடுங்கள். கரையேறிய பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்துச் சோதிக்காமல் சாலையில் ஏறாதீர்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் நிற்கும் தண்ணீருக்கு மட்டுமே. ஓடும் தண்ணீரின் கணக்கு வேறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதோடு, வண்டியில் மூழ்கிய ஒவ்வொரு கன அடிக்கும் சுமார் 28 கிலோ எடை குறைகிறது; காற்று நிறைந்த பின்சக்கரங்கள் இரண்டும் இந்த இழப்பைப் பெரிதாக்கிவிடும். டன் கணக்கில் நிற்பதாகத் தோன்றும் வண்டி, தரைப்பாலத்தின் பாசி படிந்த சிமெண்டில் மெல்ல நழுவத் தொடங்கினால் ஓட்டுநரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை நம் ஊரில் விட்ட பிறகும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததை பாகூர்ப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வானம் தெளிந்திருப்பதை மட்டும் பார்த்துத் தரைப்பாலத்தில் இறங்கக் கூடாது. ஓடையிலும், தண்ணீர் கலங்கியிருந்தால், கையில் மூங்கில் கழியுடன் ஒருவர் முதலில் நடந்து அடித்தரையைக் குத்திப் பார்க்கட்டும். நீரோட்டம் காலை இழுத்து நடக்க முடியவில்லை என்றால் டிராக்டரும் அன்று போக வேண்டாம்.

கேள்வி: மழை வெள்ளத்தில் எங்கள் மினி டிராக்டர் கொட்டகையிலேயே இரண்டு நாள் பானட் வரை மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. பேட்டரியை மாற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– வாசகர், புவனகிரி

பதில்: தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு என் உறவினர் ஒருவரின் வண்டியை ஒரு மெக்கானிக் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தபோது ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. தண்ணீரால் கெடாத இன்ஜின் அந்த ஒரு நொடியில் கெட்டது.

முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மூழ்கிய பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் (−) முனை வயரைக் கழற்றுங்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் திருகாணியை முழுவதும் கழற்றாமல் லேசாகத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், உள்ளே புகுந்திருந்தால் முதலில் அதுதான் வடியும். பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெய் வந்தால் இரண்டும் கலந்துவிட்டன என்று பொருள். கியர் பெட்டி எண்ணெய்க்கும் இதே சோதனைதான்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிலிண்டரில் நிற்கும் தண்ணீர் துளை வழியாகப் பீறிட்டு வெளியேறும். அப்போது முகத்தை அதற்கு நேராக வைக்கக் கூடாது. டீசல் டேங்கை வடித்து, டீசல் வடிகட்டியையும் காகித ஏர் பில்டரையும் புதிதாக மாற்றுங்கள். ஏர் பில்டரை வெயிலில் உலர்த்தி மீண்டும் போடுவது சிக்கனமே அன்று. விலை குறைந்த எண்ணெயை ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, அதையும் வடித்த பிறகே வழக்கமான எண்ணெய் ஊற்ற வேண்டும். உப்பனாறு போன்ற கழிமுகப் பக்கத்து வெள்ளமாக இருந்தால், படம் எடுத்து, பேட்டரி வயரைக் கழற்றியதும் நல்ல தண்ணீரால் வண்டியை அலசிவிடுங்கள். உப்பு ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பேரிங்குகளையும் காத்திருந்து அரிக்கும்.

கேள்வி: சேற்றுழவில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) புதைந்துவிட்டால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி வண்டியை வெளியே எடுக்கிறோம். இதில் ஆபத்து உண்டா?
– வாசகர், காட்டுமன்னார்கோவில்

பதில்: உண்டு, உயிருக்கே ஆபத்து. கட்டை தரையில் மாட்டிச் சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கும்போது, இன்ஜினின் விசை சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடலையே ஆக்சிலைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழுந்து பின்னால் கவிழ ஓரிரு நொடி போதும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. அடியில் மாட்டிக்கொண்டவர் மூழ்குவதற்கு வயலில் நிற்கும் அரையடித் தண்ணீரே போதுமானது.

முதலில் பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டை நிறுத்திக் கருவியைத் தூக்கிவிட்டு, ரிவர்ஸ் கியரில் பின்னோக்கி வர முயலுங்கள். வரவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குப் பின்னால் சேற்றை வெட்டிச் சரிவாக்கிப் பலகை போடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு டிராக்டரால் இழுக்க வேண்டியதுதான். இழுக்கும் வண்டியில் கயிற்றைத் தாழ்வான கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். மேல் இணைப்பில் கட்டினால் அந்த வண்டியும் கவிழக்கூடும். கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும் என்பதால், ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி, வரப்பின்மேல் ஏறி நிற்கட்டும்.