மசோதா எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள்

குமாரபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விசைத்தறி வைத்திருக்கிறார், ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். கேள்வி இது: "மின்சாரத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது, இனி இலவச மின்சாரம் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் சுற்றுகிறது. சிலர் இன்னும் நிறைவேறவில்லை என்கிறார்கள். எங்கள் சங்கம் மனு கொடுக்க நினைக்கிறது. யாருக்குக் கொடுப்பது? எம்.பி.யிடம் கொடுத்தால் போதுமா? கொடுத்தால் யாராவது படிப்பார்களா?"

முதலில் அந்த பிடிஎஃப். நீங்கள் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். தலைப்பக்கத்தின் மேலேயே, மசோதா எண்ணுக்குப் பக்கத்தில், "மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டவாறு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆண்டு 2022. அந்த ஒரு வரியில் பாதி பதில் கிடைத்துவிடும். நிறைவேறிய மசோதா என்றால் அந்த இடத்தில் "மக்களவையில் நிறைவேறியவாறு" என்றோ "இரு அவைகளிலும் நிறைவேறியவாறு" என்றோ இருக்கும். சட்டமே ஆகிவிட்டது என்றால் அது மசோதா வடிவத்தில் வராது, சட்ட எண்ணோடு அரசிதழில் வரும். எந்த மசோதா கைக்கு வந்தாலும் உள்ளே போவதற்கு முன்னால் இந்த வரியைப் பாருங்கள்.

இந்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமானது, எரிசக்தித் துறை நிலைக்குழுவுக்கு, அதாவது மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழுவுக்குப் போனது. மக்களவையில் நிறைவேறவே இல்லை. 2024 ஜூனில் அந்த மக்களவை கலைந்தபோது இதுவும் காலாவதியாகிவிட்டது. மக்களவையில் கிடப்பில் இருக்கும் மசோதா, அல்லது மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருக்கும் மசோதா, மக்களவை கலைந்தால் செத்துவிடும் என்று அரசியல் சாசனத்தின் 107-வது பிரிவு சொல்கிறது. மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்கும் மசோதாவுக்கு அந்தக் கதி இல்லை, ஏனென்றால் அந்த அவை கலைவதே கிடையாது, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள், புதியவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 2010-ல் மாநிலங்களவையில் நிறைவேறியும், மக்களவைக்குப் போய் அங்கே தேங்கி 2014-ல் காலாவதியாகி, 2023-ல் வேறு மசோதாவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது இதனால்தான்.

ஆக, உங்கள் கையில் இருப்பது உயிரில்லாத மசோதா. அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2025 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் இதே மின்சாரச் சட்டத்தைத் திருத்த ஒரு புதிய வரைவை வெளியிட்டுக் கருத்து கேட்டது. சங்கத்தில் பேச வேண்டியது அந்த வரைவைப் பற்றி. பழைய பிடிஎஃப்பில் உள்ள பிரிவு எண்களை வைத்து மனு எழுதினால், படிக்கிறவர் முதல் பத்தியிலேயே கீழே வைத்துவிடுவார்.

சரி, ஒரு மசோதா எப்படி நகர்கிறது, உங்கள் குரல் எங்கெல்லாம் நுழையலாம் என்பதற்கு வருகிறேன். அமைச்சகம் வரைவு தயாரிக்கும், சட்ட அமைச்சகம் சரிபார்க்கும், அமைச்சரவை ஒப்புதல் கொடுக்கும், பிறகு ஏதாவது ஓர் அவையில் அறிமுகமாகும். அறிமுகத்துக்கு முன்னால் வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அது கொள்கைதான், சட்டம் இல்லை, அதனால் பல மசோதாக்களுக்கு இது நடப்பதில்லை. நடக்கும்போது விட்டுவிடாதீர்கள். அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் போதும், எம்.பி. கூடத் தேவையில்லை.

அறிமுகத்துக்குப் பிறகு மக்களவை சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ விரும்பினால் மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்புவார். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்ற சங்கங்களுக்கு நாடாளுமன்றத்தில் உண்மையில் திறந்திருக்கிற கதவு இதுதான் என்று நான் நம்புகிறேன். துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31 பேர், எல்லாக் கட்சிக்காரர்களும் கலந்து. கதவைச் சாத்திக்கொண்டுதான் கூடுவார்கள், கேமரா கிடையாது. முக்கியமாக, அங்கே கொறடா உத்தரவு செல்லாது. அவையில் ஓட்டெடுப்பு வந்தால் உங்கள் எம்.பி. மனதுக்குள் உங்கள் பக்கமே இருந்தாலும், கட்சி கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். குழுவில் அந்தப் பயம் இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினரே அதிகாரியைப் பார்த்து "இந்தப் பிரிவு எதற்கு?" என்று கேட்பார். ஒத்துப்போகாதவர்கள் மாற்றுக் கருத்தை எழுதி அறிக்கையோடு சேர்க்கலாம். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை, ஆனால் அறிக்கையில் ஏறிய ஒரு வாதம் நிரந்தரப் பதிவு, அவை விவாதத்தில் எந்த உறுப்பினரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

குழுவுக்கு மசோதா போனால் பெரும்பாலும் நாளிதழ் விளம்பரத்திலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் அறிவிப்பு வரும். கால அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். இங்கேதான் நான் ஒரு முறை சறுக்கினேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிறுதொழில் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். எல்லாருடைய குறையையும் சேர்க்க வேண்டும் என்று நாற்பது பக்கம் ஆனது, மொழிபெயர்ப்பு, கையெழுத்து, கூரியர் எல்லாம் முடிந்து கெடு தாண்டி மூன்றாம் நாள்தான் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய உழைப்பு வீணானது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆகவே அறிவிப்பு வந்த பிறகு எழுதத் தொடங்காதீர்கள், இப்போதே எழுதி வையுங்கள்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணம். பழைய 2022 மசோதாவில் 60ஏ என்று ஒரு புதுப் பிரிவு இருந்தது. ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்கள் வந்தால், ஒரு நிறுவனத்துக்குக் குறுக்கு மானியத்தில் (சிலரிடம் கூடுதல் கட்டணம் வாங்கி மற்றவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது) மிஞ்சுகிற பணத்தை ஒரு நிதியில் போட்டு, பற்றாக்குறை உள்ள நிறுவனத்துக்குக் கொடுப்பது பற்றியது. "மசோதாவைத் திரும்பப் பெறு" என்று எழுதினால் குழு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பிரிவு எண், இப்போது இருக்கும் வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம், இந்த நான்கும் இரண்டு பக்கத்துக்குள் வரட்டும். காரணம் என்கிற இடத்தில் உங்கள் தறி எண்ணிக்கை, இரண்டு மாதத்து மின் அளவை, கட்டண ரசீது நகல். தமிழகத்தில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்பது மாநில அரசு கொடுக்கும் மானியம். மாநில அரசு மானியம் தர விரும்பினால் அந்தப் பணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதனால் புதிய வரைவு அந்த 65-ஐத் தொடுகிறதா, தொட்டால் எப்படி என்பதைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும். மின்சாரம் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால் மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதினால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மனுவைத் தமிழில் எழுதி, கூடவே ஆங்கிலத்தில் ஒரு பிரதி தயார் செய்யுங்கள், குழுக்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்கும். நேரில் வந்து சொல்ல விருப்பம் என்றால் அதைக் கடிதத்திலேயே தனியாக எழுத வேண்டும், எழுதாதவர்களைக் கூப்பிட மாட்டார்கள். இன்னொன்று, குழுவுக்குக் கொடுத்த மனு குழுவின் ரகசிய ஆவணம், அதை முகநூலில் போடாதீர்கள்.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போகும் என்று எண்ணிவிட வேண்டாம். 15-வது மக்களவைக் காலத்தில் (2009-14) பத்தில் ஏழு மசோதாக்கள் போயின, 17-வது மக்களவைக் காலத்தில் (2019-24) ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் போனது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். 2020 வேளாண் சட்டங்கள் ஜூனில் அவசரச் சட்டமாக வந்து, செப்டம்பரில் குழு எதையும் பார்க்காமலே நிறைவேறின. மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் வாக்கைப் பிரித்து எண்ணச் சொல்லிக் கேட்டும் குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. விவசாயிகள் ஓராண்டு டெல்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில் இரு அவைகளும் அவற்றை ரத்து செய்தன. முன்கூட்டியே குழுவில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய பேச்சு அது.

அதனால் எம்.பி.யிடம் கேட்க வேண்டியது இதுதான்: "மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லி அவையில் கேளுங்கள்." உங்கள் தொகுதி உறுப்பினரோடு, தமிழகத்தின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களையும் விட்டுவிடாதீர்கள். எரிசக்திக் குழுவில் இந்த ஆண்டு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், குழுக்கள் ஆண்டுதோறும் மாறும். கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள், அதற்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எனவே கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே அவர் கையில் கேள்வி எழுதியே இருக்கட்டும். திருத்தம் கொண்டுவரச் சொன்னால் அதன் வாசகத்தையும் நீங்களே கொடுங்கள்.

மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டு, அரசிதழில் வந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. பல சட்டங்களில் "மத்திய அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்" என்று இருக்கும். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2019-லும் 2020-லும் நிறைவேறி, 2025 நவம்பரில்தான் அமலுக்கு வந்தன. அந்த இடைவெளியில் விதிகளின் வரைவு வெளியாகும், அதற்கும் கருத்து கேட்பார்கள். யாருக்கு எவ்வளவு, எந்தப் படிவம், எத்தனை நாள் என்பதெல்லாம் பெரும்பாலும் விதியில்தான் இருக்கும், சட்டத்தில் இருக்காது.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் மசோதாவின் பெயரைத் தட்டி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள், அங்கே இல்லையென்றால் மின்துறை அமைச்சகத்தின் தளத்தில் வரைவாக இருக்கும். அப்புறம் உறுப்பினர்களில் பத்துப் பேரிடம் கடைசி மூன்று மின் கட்டண ரசீதுகளை வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.