ஒரே ஊசியில் இரண்டு சாக்ஸ்

கேள்வி: ஒரு சாக்ஸ் பின்னி முடித்ததும் இரண்டாவதைத் தொடவே மனசு வரவில்லை. தொட்டாலும் அது நீளமாகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே பின்ன முடியுமா?

பதில்: தாராளமாக. 100 செ.மீ. வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைந்த இரண்டு ஊசிமுனைகள்) ஒன்று, நூல் உருண்டை இரண்டு போதும். ஒவ்வொரு சாக்ஸின் கண்ணிகளையும் பாதிப் பாதியாகப் பிரித்து, 64 கண்ணி என்றால் முன்னால் 32, பின்னால் 32, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி, முதலில் இரண்டின் முன்பாதியையும் அதனதன் நூலால் பின்னிவிட்டு ஊசியைத் திருப்பிப் பின்பாதிகளை முடித்தால் ஒரு சுற்று. நீளம் தானாகவே ஒத்துவரும். நூல் சிக்கும், அதுதான் தொல்லை. ஒருமுறை வலப்பக்கம் திருப்பினால் அடுத்தமுறை இடப்பக்கம் திருப்புங்கள். தொடக்க வரிசை ரொம்பப் படுத்தும் என்பதால் நான் ஓர் அங்குலம் தனித்தனியாகப் பின்னிய அப்புறம்தான் ஒரே ஊசிக்கு மாற்றுவேன்.